மலேரியா கிட்டில் கோடு குழப்புகிறதா? பட்டையில் தெரிவதை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில துளி பஃபர் கரைசல், அப்புறம் கால் மணி நேரக் காத்திருப்பு. மலேரியா ரேபிட் கிட் வேலை இவ்வளவுதான். ஆனால் காய்ச்சலில் துவண்டு கிடப்பவருக்கு என்ன மருந்து என்பது அந்தச் சின்னப் பட்டையில் வரும் கோட்டை வைத்தே முடிவாகிறது. மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம் வந்தால் ஒரு நாள் தாமதம்கூட மூளை, சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பாதித்து உயிரையே பறித்துவிடலாம். அதனால் பட்டையில் ஏதாவது உறுத்தலாகத் தெரிந்தால் ‘கிட் அப்படித்தான்’ என்று தள்ளிவிட்டுப் போகக் கூடாது. என்ன தெரிகிறது, ஏன் தெரிகிறது, அடுத்து என்ன செய்வது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிட்டோடு தினமும் மல்லுக்கட்டும் லேப் ஆட்களுக்காகவும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் மருத்துவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பட்டைக்குள் என்ன நடக்கிறது

கிட் ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை. ஒட்டுண்ணி உண்டாக்கும் புரதத்தைத்தான் பார்க்கிறது. கீழே வரும் எல்லாக் குழப்பங்களுக்கும் வேர் இதுதான். புரதம் இருந்தும் ஒட்டுண்ணி இல்லாமல் போகலாம். ஒட்டுண்ணி இருந்தும் அந்தப் புரதம் இல்லாமல் போகலாம். எந்தக் கோடு வந்தாலும், வராவிட்டாலும், “இந்தக் கோடு எந்தப் புரதத்துக்கானது? அந்தப் புரதம் இந்த உடம்பில் இப்போது எந்த நிலையில் இருக்கும்?” என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிட்கள் நம்பியிருப்பது மூன்று புரதங்களை. முதலாவது எச்.ஆர்.பி.2. இதை ஃபால்சிபாரம் மட்டுமே உண்டாக்குகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தால் ஆன புரதம் இது. ஒரே அமைப்பு இதில் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு மூலக்கூறிலேயே பல ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறுகள்) ஒட்டிக்கொள்ள முடியும். இந்தக் கோடு பளிச்சென்று வருவதற்குக் காரணம் அதுதான். இரண்டாவது பி.எல்.டி.எச். ஒட்டுண்ணி சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கப் பயன்படுத்தும் நொதி. மனிதரைத் தாக்கும் எல்லா வகை மலேரியா ஒட்டுண்ணியிலும் இது உண்டு. எல்லா வகைக்கும் பொதுவான பேன் கோடு, வைவாக்ஸ் என்ற இன்னொரு வகைக்கு மட்டுமான கோடு, ஃபால்சிபாரத்துக்கு மட்டுமான கோடு என்று இதையே மூன்று விதமாகப் பிடிக்கலாம். மூன்றாவது ஆல்டோலேஸ். இதுவும் எல்லா வகைக்கும் பொதுவானது. சில கிட்களில் மட்டும் இருக்கும்.

பஃபர் விழுந்ததும் சிவப்பணுக்கள் உடைந்து புரதம் வெளியே வருகிறது. தங்க நுண்துகள் ஏற்றிய ஆன்டிபாடி அதைப் பற்றிக்கொண்டு பட்டையில் ஊர்கிறது. கோட்டில் பதித்து வைத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதே புரதத்தை மறுபக்கம் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவில் புரதம் மாட்டிக்கொண்டால்தான் கோடு. நாம் பார்க்கும் சிவப்பு, குவிந்து நிற்கும் தங்கத்தின் நிறம். இந்த ‘இரண்டு கைக்கு நடுவில்’ என்ற படத்தை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கன்ட்ரோல் கோடே வரவில்லை

டெஸ்ட் கோடு மலேரியாவைக் காட்டுவது; கன்ட்ரோல் கோடு சோதனை ஓடியதைக் காட்டுவது. அது வராவிட்டால் சோதனை செல்லாது. டெஸ்ட் கோடு அழகாக வந்திருந்தாலும் செல்லாது. புதுக் கிட் எடுத்துத் திரும்பச் செய்யுங்கள்.

பெரும்பாலும் பஃபர் குறைந்திருக்கும், அல்லது தவறான குழியில் விழுந்திருக்கும். ஒரு தடவை மட்டும் பயன்படுத்துவதற்கான சின்ன ஆம்ப்யூல்களில் வரும் பஃபர் சேமிப்பில் ஆவியாகிக் குறைந்துவிடுவதும் உண்டு. உடைப்பதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பெட்டியில் இருக்கும் மற்றவற்றோடு அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைவாக இருந்தால் அதை ஒதுக்குங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று கிட்டில் கன்ட்ரோல் கோடு வராமல் போனால் அந்தப் பெட்டியையே நிறுத்திவைத்து, லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்து, வழங்கியவர்களுக்குத் தெரிவியுங்கள்.

கன்ட்ரோல் கோட்டைப் பற்றி இன்னொன்று. அது வந்துவிட்டால் கிட் நன்றாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பஃபர் ஊர்ந்தது, தங்கம் ஏற்றிய ஆன்டிபாடி நகர்ந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பல கிட்களில் இரத்தமே வைக்காமல் பஃபர் மட்டும் விட்டாலும் கன்ட்ரோல் கோடு வந்து நிற்கும். டெஸ்ட் கோட்டில் உள்ள ஆன்டிபாடி வெயிலில் செத்துப்போயிருந்தாலும் வரும். எனக்கு இது புரிந்தது ஒரு மதியம். வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள். ஒரு கேசட்டில் (பட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறை) பஃபர் விட்ட பிறகுதான் இரத்தம் வைத்தேனா என்றே சந்தேகம் வந்தது. கன்ட்ரோல் கோடு தெளிவாக வந்திருந்தது. குழியை உற்றுப் பார்த்தேன். சிவப்பே இல்லை, வெள்ளையாக இருந்தது. அந்த நெகட்டிவை அப்படியே எழுதியிருந்தால் ஒருவரைச் சும்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அன்று முதல் கோட்டைப் பார்ப்பதற்கு முன் குழியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

இரத்தம் நகராமல் நிற்கிறது, அல்லது பட்டை முழுக்கச் சிவந்து கிடக்கிறது

பின்னணி சிவப்பாக இருந்தால் மங்கலான கோடு அதில் மறைந்துவிடும். ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுதக் கூடாது.

அதிக இரத்தம் வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். பல கிட்களுக்குத் தேவை வெறும் 5 மைக்ரோலிட்டர். விரலை நேராகக் குழியில் அழுத்தினால் அதைப்போலப் பல மடங்கு விழும். கிட்டோடு வரும் குழாயையோ வளையத்தையோ மட்டும் பயன்படுத்துங்கள். வேறு கிட்டின் குழாயைக் கடன் வாங்காதீர்கள், அளவு மாறும். இரத்தம் குழாயிலேயே உறையத் தொடங்கினால் கட்டி அடைத்துக்கொண்டு ஓட்டம் நிற்கும். எடுத்த உடனே வைத்துவிட வேண்டும்.

விரலைத் துடைத்த ஸ்பிரிட் காய்வதற்குள் குத்துவதும் ஒரு தொல்லை. இரத்தம் உருண்டு நிற்காமல் தோலில் பரவிவிடும். குழாய் சரியாக உறிஞ்சாது. அரை நிமிடம் பொறுங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள்.

படிக்கும் நேரம் வரும்போதும் பின்னணி வெளுக்கவில்லை என்றால் திரும்பச் செய்யுங்கள். இன்னும் கொஞ்சம் பஃபர் ஊற்றிச் சிவப்பைக் கழுவிவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். அப்படி வந்த முடிவை நம்ப முடியாது.

கோடு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது

மங்கலான கோடும் பாசிட்டிவ்தான். கோட்டின் அடர்த்தியை வைத்து ‘லேசான மலேரியா’ என்று யாரும் எழுத வேண்டாம்.

ஆனால் நிஜக் கோட்டையும் நிழலையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, லேசாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நிஜக் கோட்டுக்கு நிறம் இருக்கும்: இளஞ்சிவப்போ ஊதாவோ. பட்டையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓடும். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் அது அங்கேயே இருக்கும். ஆன்டிபாடி பதித்த இடத்தில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ ஒரு தடம் மட்டும் தெரிந்து, சாய்த்தால் மறைந்துபோனால் அது ஈரப் பட்டையின் தடம். குழப்பம் தீரவில்லையா? இன்னொருவரைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லாமல், அவரைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

படிக்கும் நேரமும் முக்கியம். 15 நிமிடம் என்று போட்டிருந்தால் 15. சில கிட்டுக்கு 20. ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் குறைந்த புரதத்தின் கோடு இன்னும் உருவாகியிருக்காது. அரை மணி நேரம் தாண்டிப் பார்த்தால் பட்டை காயும்போது இல்லாத கோடு எழும்பலாம். காலையில் போட்ட கேசட்டைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்து ரிசல்ட்டை மாற்றுவது கூடவே கூடாது. கேசட் மேலேயே தொடங்கிய நேரத்தை எழுதிவிடுங்கள். பத்து பேருக்கு ஒன்றாகப் போடும்போது நினைவு கைகொடுக்காது.

காய்ச்சல் அடிக்கிறது, மலேரியா மாதிரியே இருக்கிறது, கிட் மட்டும் நெகட்டிவ்

இதுதான் ஆபத்தான இடம், இங்கே அவசரப்படக் கூடாது. காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

முதலில் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 200 ஒட்டுண்ணி இருந்தால் நல்ல கிட் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் கிட்களைச் சோதிக்க வைத்திருக்கும் அளவு. கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். அதாவது 25,000 சிவப்பணுவுக்கு ஒன்றில்தான் ஒட்டுண்ணி. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடிமனாகப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் தடித்த பூச்சில் 200 வெள்ளையணுக்களை எண்ணி முடிக்கும்போது ஐந்து ஒட்டுண்ணி கண்ணில் படும், அவ்வளவுதான். அதே கணக்கில் ஐந்து லிட்டர் இரத்தத்தில் மொத்தம் 100 கோடி ஒட்டுண்ணி இருக்கும்! அதற்கும் கீழே, 50 அல்லது 20 என்ற அளவில், கிட் தவறவிடும். பழகிய கண் தடித்த பூச்சில் பிடித்துவிடும். முன்பு மலேரியா வந்திராதவர்களுக்கு இவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலேயே காய்ச்சல் கொதிக்கும். நோய் தொடங்கிய முதல் ஓரிரு நாளில் வந்த நெகட்டிவ் முடிவான நெகட்டிவ் அல்ல என்பது அதனால்தான். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மேலும் இரண்டு தடவை தடித்த பூச்சும் கிட்டும் பாருங்கள். ஆள் மோசமாகிக்கொண்டிருந்தால் அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. லேப் செய்ய வேண்டியது ‘ஒரு சோதனை மட்டுமே, திரும்பப் பார்க்கவும்’ என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதுவது.

இரண்டாவது, இதற்கு நேர் எதிரான நிலை. ஒட்டுண்ணி மிக அதிகமாக இருப்பதாலேயே கோடு வராமல் போவது. புரோசோன் என்பார்கள். இரண்டு கைக்கு நடுவில் புரதம் என்றேனே, அதை நினைத்துப் பாருங்கள். புரதம் வெள்ளமாக வந்தால் தங்கம் ஏற்றிய கை ஒரு புரதத்தையும், கோட்டில் இருக்கும் கை வேறொரு புரதத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் யாரும் மாட்டுவதில்லை. கோடு மங்கும், அல்லது வரவே வராது. இது எச்.ஆர்.பி.2 கோட்டில் நடப்பது, பி.எல்.டி.எச். கோட்டில் இந்தத் தொல்லையைக் காண்பதில்லை. ஆள் கடுமையாகச் சுருண்டு கிடக்கிறார், கிட் நெகட்டிவ் அல்லது விநோதமாக மங்கல் என்றால் ஒரு பங்கு இரத்தத்தில் ஒன்பது பங்கு 0.9 சதவீத உப்புக் கரைசலைச் சேர்த்துப் பத்து மடங்கு நீர்த்துப் போகச் செய்து, அதே லாட் கிட்டில் திரும்பப் போடுங்கள். கோடு முன்பைவிட அடர்ந்து வந்தால் புரோசோன். தேவைப்பட்டால் 50 மடங்கு வரை நீர்க்கலாம். கையோடு ஒரு மெல்லிய பூச்சும் பாருங்கள். புரோசோன் வரும் அளவு இரத்தத்தில் நுண்ணோக்கியின் முதல் சில புலங்களிலேயே ஒட்டுண்ணி கொட்டிக் கிடக்கும்.

மூன்றாவது, ஒட்டுண்ணி இருந்தும் அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவே இல்லாமல் போவது. பெருவின் அமேசான் பகுதி ஒட்டுண்ணிகளில் எச்.ஆர்.பி.2 மரபணு அழிந்துபோயிருப்பது 2010ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அப்புறம் ஆப்பிரிக்காவின் எரித்ரியா. அங்கே 2016ல் இரண்டு மருத்துவமனைகளில் எடுத்த மாதிரிகளைப் பார்த்தபோது, கிண்டா மருத்துவமனை ஃபால்சிபாரம் மாதிரிகளில் 80.8 சதவீதத்திலும், மசாவா மருத்துவமனை மாதிரிகளில் 41.7 சதவீதத்திலும் அந்த மரபணு இல்லை. எச்.ஆர்.பி.2 மட்டும் பார்க்கும் கிட்டுக்கு இந்த ஒட்டுண்ணிகள் கண்ணுக்கே தெரியாதவை. கிட்டில் தப்பித்தவை சிகிச்சையிலிருந்தும் தப்பித்து, கொசு வழியே பரவும். கிட்டே அவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. என்னை உண்மையில் பயமுறுத்துவது இதுதான். எச்.ஆர்.பி.3 என்ற நெருங்கிய புரதம் ஒன்று உண்டு. எச்.ஆர்.பி.2 ஆன்டிபாடி அதையும் ஓரளவு பிடிக்கும். அதனால் இரண்டு மரபணுவும் சேர்ந்து இல்லாதபோதுதான் கோடு முழுதாகக் காணாமல் போகும். இந்த மரபணு அழிவால் ஒரு பகுதியில் 5 சதவீதத்துக்கு மேல் ஃபால்சிபாரம் நோயாளிகளை கிட் தவறவிட்டால், எச்.ஆர்.பி.2 மட்டும் நம்பும் கிட்டை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. உங்கள் மேஜையில் நடப்பது இப்படி இருக்கும்: பூச்சில் ஃபால்சிபாரம் தெளிவாகத் தெரியும், எண்ணிக்கையும் 200க்கு மேல் இருக்கும், கிட் மட்டும் நெகட்டிவ். அப்படி வந்தால் இரண்டு வேறு கிட்டில் திரும்பப் பாருங்கள், அதில் ஒன்று பி.எல்.டி.எச். பார்ப்பதாக இருக்கட்டும். அதன் பிறகு இரத்தத்தைக் குப்பையில் போடாதீர்கள். என்ன செய்வது என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

நான்காவது, வேறு வகை ஒட்டுண்ணி. கையில் இருப்பது ஃபால்சிபாரம் மட்டும் பார்க்கும் கிட் என்றால் வைவாக்ஸுக்கு அது நெகட்டிவ்தான் காட்டும், கிட்டின் தவறில்லை. பேன் கோடு உள்ள கிட்டிலும் மலேரியே, ஓவேல் என்ற இரண்டு வகைகளும் அடிக்கடி நழுவும், ஏனென்றால் அவை இரத்தத்தில் குறைந்த எண்ணிக்கையிலேயே இருக்கும். குரங்கு மலேரியாவான நோலெசிக்கென்று தனிக் கோடு கிடையாது. அது சில நேரம் ஃபால்சிபாரம் பி.எல்.டி.எச். கோட்டிலும், சில நேரம் வைவாக்ஸ் கோட்டிலும் எட்டிப் பார்க்கும், சில நேரம் எதிலுமே வராது. வைவாக்ஸ், ஓவேல் இரண்டிலும் கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை இரத்தத்தில் எந்தப் புரதச் சோதனையாலும் இப்போது காண முடியாது.

கடைசியாக, வெயில் தின்ற கிட். கிட் உறையில் 30 அல்லது 40 டிகிரி செல்சியஸ் என்று ஒரு மேல் வரம்பு போட்டிருக்கும். மூடிய வண்டிக்குள், தகரக் கூரைக்குக் கீழ் அந்த வரம்பு எளிதாகத் தாண்டிவிடும். பொதுவாக எச்.ஆர்.பி.2 கோடுகள் ஓரளவு தாங்கும், பி.எல்.டி.எச்., ஆல்டோலேஸ் கோடுகள் அந்த அளவு தாங்குவதில்லை. உறையைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பாருங்கள். நிறம் மாறும் வகை என்றால் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேசட்டைத் தொட வேண்டும். பிரித்த கேசட்டை மேஜையில் வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்தவும் கூடாது.

பேன் கோடு மட்டும் வருகிறது

‘ஃபால்சிபாரம் இல்லை, வேறு வகை’ என்றுதான் தாளில் போட்டிருக்கும். பெரும்பாலும் அது சரி. ஆனால் மேலே சொன்ன இரண்டு சங்கதியையும் இங்கே பொருத்திப் பாருங்கள். எச்.ஆர்.பி.2 மரபணு இல்லாத ஃபால்சிபாரமும் பேன் கோட்டை மட்டும் தரும். புரோசோனில் எச்.ஆர்.பி.2 கோடு விழுந்து பேன் கோடு மட்டும் நின்றாலும் அதே தோற்றம்தான். பேன் கோடு அடர்த்தியாக இருக்கிறது, ஆள் நினைவு தடுமாறுகிறார் அல்லது மூச்சு வாங்குகிறார் என்றால் ‘வைவாக்ஸ்தானே’ என்று விட்டுவிடாமல் மெல்லிய பூச்சில் வகையைப் பார்த்தே எழுதுங்கள்.

இரண்டு கோடும் வந்தால் ஃபால்சிபாரம் மட்டும் இருக்கலாம், கலப்புத் தொற்றாகவும் இருக்கலாம். பேன் கோடு ஃபால்சிபாரத்தையும் பிடிக்கும் என்பதால் கிட்டை வைத்துப் பிரிக்க முடியாது. வைவாக்ஸுக்குத் தனிக் கோடு உள்ள கிட் அல்லது பூச்சு வேண்டும்.

மருந்து முடித்து இரண்டு வாரமாகிறது, கோடு இன்னும் போகவில்லை

இதைப் பார்த்துப் பதறி இரண்டாவது முறை மருந்து கொடுத்தவர்கள் உண்டு. பதற வேண்டாம். எச்.ஆர்.பி.2 இரத்தத்தில் மூன்று நான்கு வாரம் தங்குவது சாதாரணம். ஆரம்பத்தில் ஒட்டுண்ணி நிறைய இருந்தவர்களுக்கு அதற்கு மேலும் தங்கும். ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து எடுத்தவர்களிடம் ஏன் இவ்வளவு நாள் என்பதற்கு அழகான விளக்கம் ஒன்று உண்டு. மண்ணீரல் செத்த ஒட்டுண்ணியைச் சிவப்பணுவுக்குள்ளிருந்து உருவி எடுத்துவிட்டு, அணுவைத் திரும்ப ஓட்டத்தில் விட்டுவிடுகிறது. ஒட்டுண்ணி போய்விட்டது, ஆனால் அந்த அணுவின் சவ்வில் எச்.ஆர்.பி.2 ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. கிட் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே சிகிச்சை வேலை செய்ததா என்று பார்க்க எச்.ஆர்.பி.2 கிட்டைப் பயன்படுத்தவே கூடாது. பூச்சில் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். பி.எல்.டி.எச். உயிருள்ள ஒட்டுண்ணியோடு போய்விடும் புரதம் என்பதால் அந்தக் கோடு சில நாட்களில் மறையும். ஒன்று மட்டும்: ஒட்டுண்ணியின் இனப்பெருக்க வடிவமான கேமிட்டோசைட் மருந்துக்குப் பிறகும் சில நாள், சில வாரம்கூடச் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றிலும் பி.எல்.டி.எச். உண்டு. அதனால் பி.எல்.டி.எச். கோடு நின்றால் பூச்சில் இளம் ஒட்டுண்ணியின் வளையம் தெரிகிறதா, கேமிட்டோசைட்டின் வாழைப்பழ வடிவம் மட்டும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

மருந்தே எடுக்கவில்லை என்கிறார், பூச்சில் ஒன்றுமில்லை, கிட் பாசிட்டிவ்

முதலில் மென்மையாகத் திரும்பக் கேளுங்கள். கடந்த மாதம் காய்ச்சல் வந்ததா, யாராவது மாத்திரை கொடுத்தார்களா, பாதியில் நிறுத்தினீர்களா என்று. பலருக்கு அது மருந்து எடுத்ததாகவே நினைவில் இருக்காது.

அடுத்து, ஃபால்சிபாரத்தின் ஒளிந்துகொள்ளும் குணம். முதிர்ந்த ஒட்டுண்ணியைத் தாங்கிய சிவப்பணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றோட்டத்துக்கே வராது. விரல் நுனி இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவை வெடிக்கும்போது வெளியாகும் எச்.ஆர்.பி.2 உடம்பெங்கும் கலக்கிறது. கர்ப்பிணிகளில் நஞ்சுக்கொடியில் ஒட்டுண்ணி தங்கி, பூச்சு நெகட்டிவாகவும் கிட் பாசிட்டிவாகவும் வருவது இதனால்தான். அவர்களிடம் கிட்டை ஒதுக்கிவிட்டுப் பூச்சை மட்டும் நம்பாதீர்கள்.

நிஜமான பொய் பாசிட்டிவும் உண்டு. இரத்தத்தில் முடக்குவாதக் காரணி (முடக்குவாத நோயாளிகளிடம் அடிக்கடி காணும் ஓர் ஆன்டிபாடி) இருந்தால் சில கிட்களில் அது இரண்டு ஆன்டிபாடியையும் தானே இணைத்துக் கோடு போட்டுவிடும். ஒரே நாளில் வரிசையாகப் பாசிட்டிவ் வந்தால் நோயாளிகளைச் சந்தேகிக்கும் முன் பஃபரைச் சந்தேகியுங்கள். பஃபர் தீர்ந்துவிட்டதென்று தண்ணீரோ உப்புக் கரைசலோ வேறு கிட்டின் பஃபரோ ஊற்றினால் ஒட்டுண்ணி இல்லாத இரத்தத்திலும் கோடு எழும்பும். மேலே சொன்ன உப்புக் கரைசல் இரத்தத்தை நீர்ப்பதற்கு மட்டும். அதன் பிறகும் கிட்டின் பஃபரைத்தான் ஊற்ற வேண்டும்.

மலேரியா எப்போதும் இருக்கும் பகுதியில் இன்னொரு நிலையும் உண்டு. கிட் சரி, தொற்றும் நிஜம், ஆனால் இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் வேறு. உடம்பில் பழகிப்போன ஒட்டுண்ணியோடு நிமோனியாவோ மூளைக்காய்ச்சலோ சேர்ந்து வந்திருக்கலாம். பாசிட்டிவ் கோட்டைக் கண்டதும் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

எலைசாவில் எண்கள் பொருந்தவில்லை

எலைசா என்ற லேப் சோதனையால் எச்.ஆர்.பி.2 அளவைப் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதி) அளப்பவர்களுக்காக இது, சுருக்கமாக. ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியையும் சேர்த்து உடம்பின் மொத்தச் சுமையை இந்த அளவு காட்டுவதால், கடுமையான நோயில் இதற்கு மதிப்பு அதிகம்.

ஒரே மாதிரியைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள். மடங்கைப் பெருக்கிய பின் நீர்த்ததன் அளவு முதல் அளவைவிட ஏறிக்கொண்டே போனால் புரோசோனேதான், இங்கே கொக்கி விளைவு என்பார்கள். ஏறுவது நின்ற இடத்து அளவை எழுதுங்கள். சிவந்து போன பிளாஸ்மா என்றால் சிவப்பணு உடைந்து உள்ளிருந்த புரதமும் கலந்துவிட்டது. அளவு பொய்யாக ஏறியிருக்கும், புது மாதிரி கேளுங்கள். எல்லாக் குழியிலும் நிறம் ஏறினால் கழுவியது போதவில்லை. ஓரக் குழிகள் மட்டும் ஏறினால் தட்டு மூடாமல் ஆவியாகியிருக்கிறது. மாதிரியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காமல், முதல் நாளே சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து வையுங்கள்.

கிட்டும் பூச்சும் ஒத்துப்போகாத மாதிரியை என்ன செய்வது

கிட்டைச் சோதிக்க, ஒட்டுண்ணி எண்ணிக்கை தெரிந்த பாசிட்டிவ் இரத்தத்தை அதே லாட்டில் போட்டுப் பாருங்கள். அது நன்றாகக் கோடு காட்டினால் கிட் சரி. மர்மம் நோயாளியின் இரத்தத்தில் இருக்கிறது. காட்டவில்லை என்றால் லாட்டை நிறுத்துங்கள், அந்த லாட்டில் நெகட்டிவ் வந்தவர்களைத் திரும்ப அழையுங்கள். சங்கடமான வேலைதான், ஆனால் செய்தாக வேண்டும்.

மரபணு அழிவா என்று, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை மூலம்தான் உறுதி செய்ய முடியும். அதற்கு அனுப்ப வடிதாளில் இரத்தப் பொட்டு வைத்தால் போதும். துளியைத் தாளின் மேல் தானாகப் பரவவிடுங்கள், தேய்க்காதீர்கள். தாள் எதன் மீதும் படாமல், வெயிலில் வைக்காமல், முழுதாகக் காயவிடுங்கள். ஈரமான தாளைப் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகும். காய்ந்ததும் ஒவ்வொரு தாளையும் தனித் தனிப் பிளாஸ்டிக் பையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள். கிட் பெயர், லாட் எண், எந்தக் கோடு வந்தது, பூச்சில் என்ன வகை, எவ்வளவு எண்ணிக்கை, தேதி, மாதிரி எண் எல்லாவற்றையும் தாளிலேயே எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மையில் ஸ்பிரிட் பட்டால் அழிந்துபோய், யாருடைய இரத்தம் என்றே தெரியாமல் ஆகிவிடும்.